சிங்கப்பூர்க் காற்றில் எஃகு எவ்வளவு மெலிகிறது? தகடு வைத்து அளக்கும் முறை

கூரைச் சட்டம், கைப்பிடிக் கம்பி, குழாய்த் தாங்கி எதுவானாலும், துருவுக்கென்று எவ்வளவு கனம் கூடுதலாக விடுவது என்று கணினியில் கணக்கிடுகிறவருக்கு முதலில் தேவைப்படுவது ஓர் எண்: அந்த இடத்தில் சாதாரண எஃகு முதல் ஆண்டில் எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மெலியும்? சிமுலேஷன் எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் இந்த எண் தவறானால் முடிவும் தவறிவிடும். வேறோர் ஊரில் எடுத்த எண்ணைக் கொண்டுவந்து போடுவது இங்கே ரொம்பவே சாதாரணமாக நடக்கிறது. அது தேவையே இல்லை. பன்னிரண்டு எஃகுத் தகடுகள், ஒரு தராசு, ஓர் ஆண்டு பொறுமை இருந்தால் உங்கள் இடத்தின் எண்ணை நீங்களே அளந்துவிடலாம். பலதுறைத் தொழிற்கல்லூரி ஆய்வுக்கூடத்திலோ கப்பல் பட்டறையின் தரக்கட்டுப்பாட்டு அறையிலோ செய்யக்கூடிய வேலைதான். வீட்டுச் சமையலறையில் செய்யும் வேலை இல்லை. ஏன் என்பது அமிலம் வரும் இடத்தில் புரியும்.

எந்த அளவு எண்ணை எதிர்பார்க்கலாம்?

ஐஎஸ்ஓ 9223 தரநிலை, எஃகின் முதலாண்டு மெலிவை வைத்து இடங்களைப் பிரிக்கிறது. 25 மைக்ரான் வரை சி2, 25 முதல் 50 வரை சி3, 50 முதல் 80 வரை சி4, 80 முதல் 200 வரை சி5, அதற்கு மேல் 700 வரை சிஎக்ஸ். (1.3 மைக்ரானுக்குக் கீழே சி1. இங்கே அது குளிரூட்டிய அறைக்குள் மட்டும்.) சிங்கப்பூரின் ஆண்டுச் சராசரி வெப்பம் ஏறத்தாழ 28 பாகை, ஈரப்பதம் 82 விழுக்காடு, மழை 2,100 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். 80 விழுக்காட்டுக்கு மேல் ஈரப்பதம் போனால் எஃகின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் நிற்கும் என்று கொள்வது வழக்கம். இங்கே பெரும்பாலான இரவுகள் அந்த எல்லையைத் தாண்டுகின்றன. ஆகவே ஈரம் எங்கும் இருக்கிறது. இடத்துக்கு இடம் மாறுவது உப்புதான்.

அந்தத் தரநிலையின் சமன்பாட்டில் கந்தக டையாக்சைடு படிவு நாளொன்றுக்குச் சதுர மீட்டருக்கு 10 மில்லிகிராம் என்று கொண்டு பார்த்தால், குளோரைடு (அதாவது உப்பு) படிவும் 10 மில்லிகிராமாக உள்ள இடத்தில் விடை ஏறத்தாழ 31 மைக்ரான். குளோரைடு 60 ஆனால் 70 மைக்ரான். ஒரே தீவு, ஒரே வெயில், ஒரே மழை. உப்பு மட்டும் மாறியதும் எண் இரு மடங்குக்கு மேல் போய்விடுகிறது. கடலிலிருந்து எவ்வளவு தூரம் என்பது மட்டும் உப்பைத் தீர்மானிப்பதில்லை. அலை உடைந்து சிதறும் இடத்தில்தான் உப்புத்துளி காற்றில் ஏறும். ஜொகூர் நீரிணையின் அமைதியான கரையும் ஈஸ்ட் கோஸ்ட் கரையும் வரைபடத்தில் ஒன்றுபோலத் தெரியலாம், தகட்டில் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அதனால்தான் அளக்கச் சொல்கிறோம்.

தகடு

150 × 100 மி.மீ., 1 மி.மீ. கனம், குளிர்நிலையில் உருட்டிய குறைகார்பன் எஃகு. எல்லாத் தகடுகளையும் ஒரே தாளிலிருந்து வெட்டுங்கள். செம்பு 0.03 முதல் 0.10 விழுக்காடு, பாஸ்பரஸ் 0.07க்குக் கீழ் என்று ஆலைச் சான்றிதழில் சரிபாருங்கள். இந்த இரண்டும் கூடினால் துருப்படலம் இறுகி எஃகைக் காக்கத் தொடங்கும். உங்கள் இடம் உண்மையில் இருப்பதைவிட நல்லதாகத் தோன்றிவிடும்.

துளை போடாதீர்கள். எண்ணை எஃகு அச்சால் ஆழமாகக் குத்துங்கள். கூடவே விளிம்பில் அரத்தால் அடையாள வெட்டும் போடுங்கள். ஓராண்டுத் துருவுக்குப் பிறகு குத்திய எண் படிக்க வராமல் போகலாம், விளிம்பு வெட்டு அப்படியே இருக்கும். வெட்டிய ஓரங்களின் பிசிரை அரத்தால் எடுத்த பிறகு அளவெடுங்கள். இரு முகமும் நான்கு ஓரமும் சேர்த்துப் பரப்பு 305 சதுர செ.மீ. வரும்.

அடுத்து அசிட்டோனால் எண்ணெய் எடுத்து, 120ஆம் எண் மணல்தாளால் ஒரே சீராகத் தேய்த்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் அலசி, இளஞ்சூட்டுக் காற்றில் உலர்த்துங்கள். தண்ணீரில் அலசி மேசைமேல் வைத்தால் நம்மூர் ஈரத்தில் சில நிமிடங்களிலேயே மஞ்சள் படர்ந்துவிடும். இந்தக் கட்டத்திலிருந்து கையுறை இல்லாமல் தொடக் கூடாது. வியர்வையில் உப்பு இருக்கிறது. ஒரு மாதம் கழித்து விரல்ரேகை துருவாகவே தெரியும். சிலிக்கா ஜெல் போட்ட டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய பாத்திரம்) ஓர் இரவு வைத்துவிட்டு எடை போடுங்கள்.

தராசைப் பற்றி ஒரு சொல். பத்தாயிரத்தில் ஒரு கிராம் காட்டும் தராசு இல்லையே என்று பலர் இந்தச் சோதனையையே கைவிடுகிறார்கள். கணக்குப் பாருங்கள்: இந்தத் தகடு 50 மைக்ரான் மெலிந்தால் இழக்கும் எடை 12 கிராம். தகட்டின் மொத்த எடையே 118 கிராம்தான். 0.01 கிராம் காட்டும் தராசின் பிழை 0.04 மைக்ரானுக்குச் சமம். ஓராண்டுச் சோதனைக்கு அது தாராளமாகப் போதும். பிழை தராசில் வருவதில்லை, துருவை நீக்கும் விதத்தில் வருகிறது.

மொத்தம் பன்னிரண்டு: ஓராண்டுக்கு மூன்று, இரண்டாண்டுக்கு மூன்று, நான்காண்டுக்கு மூன்று, துருப்பிடிக்காமல் டெசிகேட்டரிலேயே காத்திருக்கும் ஒப்பீட்டுத் தகடுகள் மூன்று.

வைக்கும் இடம்

தகடுகளைத் தாங்கும் சட்டத்தில் 45 பாகைச் சாய்வில், தரையிலிருந்து முக்கால் மீட்டராவது உயரத்தில், மழையும் வெயிலும் காற்றும் நேராகப் படும்படி வைக்க வேண்டும். கீழே இருந்தால் மழை தரையில் பட்டுத் தெறித்து மண்ணை அடிக்கும். மேலே ஏர்கான் தண்ணீரோ கூரை விளிம்பின் சொட்டோ விழக் கூடாது. கடல் இருக்கும் பக்கத்தைப் பார்த்து நிறுத்துங்கள்.

தகட்டைப் பிடிக்கும் கிளிப்பும் வாஷரும் நைலான் அல்லது பீங்கானாக இருக்கட்டும். துத்தநாகம் பூசிய போல்ட் தகட்டைத் தொட்டால் துத்தநாகம் முதலில் கரைந்து சுற்றியுள்ள எஃகைக் காப்பாற்றிவிடும். ஸ்டெயின்லெஸ் போல்ட் தொட்டால் எதிர்மாறாக, தொட்ட இடம் வேகமாக அரிக்கும். இரண்டுமே உங்கள் எண்ணைக் கெடுக்கும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுச் சன்னலுக்கு வெளியே எதையும் மாட்டாதீர்கள். நூறு கிராம் எஃகு பத்தாம் மாடியிலிருந்து விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பூங்காவிலும் கடற்கரையிலும் அனுமதி பெற்றே சட்டம் நிறுத்த வேண்டும். பூட்டிய மொட்டைமாடியோ தொழிற்சாலை வளாகமோ இருந்தால் அதுவே நல்ல இடம்.

முடிந்தால் கூரைக்கு அடியில் இன்னொரு சட்டம் வையுங்கள். மழை படாத இடம் எஃகுக்கு நல்லது என்று பலரும் நினைக்கிறார்கள். கடலோரத்தில் அது பெரும்பாலும் தவறு. திறந்த தகட்டின் உப்பை மழை கழுவிக்கொண்டே இருக்கிறது. கூரைக்கு அடியில் உப்பு சேர்ந்துகொண்டே போகிறது, இரவு ஈரம் மட்டும் வந்து போகிறது. திறந்த சட்டத்திலேயேகூட, தரையைப் பார்த்த முகம் வானத்தைப் பார்த்த முகத்தைவிட மோசமாக இருப்பதைக் காணலாம். ஆனால் சி3, சி4 என்று வகைப்படுத்தத் திறந்த சட்டத்தின் எண்ணை மட்டுமே எடுங்கள்.

பக்கத்திலேயே உப்புப் படிவையும் அளப்பவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஈரத்திரி முறையின் (நனைந்த திரியில் உப்பைப் பிடிப்பது) எண் உலர்தட்டு முறையின் (உலர்ந்த துணியில் பிடிப்பது) எண்ணைப்போல் ஏறத்தாழ 2.4 மடங்கு வரும். இரண்டையும் ஒரே அட்டவணையில் கலக்காதீர்கள். ஈரத்திரிக் குடுவையின் மூடி இறுக்கமாக இல்லாவிட்டால் கொசு முட்டையிடும்.

ஏன் ஓராண்டு?

வடகிழக்குப் பருவக்காற்றில் நனையும் கரை வேறு, தென்மேற்குப் பருவக்காற்றில் நனையும் கரை வேறு. பாதி ஆண்டு அளந்தால் பாதிக் காற்றுதான் கிடைக்கும். இன்னொரு காரணமும் உண்டு: துரு நேர்கோட்டில் வளர்வதில்லை. மொத்த இழப்பு ஆண்டு எண்ணிக்கையின் ஓர் அடுக்காகக் கூடுகிறது; ஐஎஸ்ஓ 9224 கார்பன் எஃகுக்குத் தரும் அந்த அடுக்கெண் 0.523. அதன்படி முதல் மாதத்திலேயே ஆண்டு இழப்பில் கால்பங்குக்குச் சற்று மேல் போய்விடும். ஒரு மாத எண்ணைப் பன்னிரண்டால் பெருக்கினால் உண்மையைப்போல் மூன்று மடங்குக்கு மேல் காட்டும். அதேபோல முதலாண்டு 50 மைக்ரான் என்றால் இருபதாண்டில் 1,000 மைக்ரான் இல்லை, 240 போல. உப்பு மிகுந்த இடத்தில் துருப்படலம் சரியாகக் காக்காது, அடுக்கெண் கூடும். இரண்டாம், நான்காம் ஆண்டுத் தகடுகள் இதைக் கண்டுபிடிக்கத்தான்.

துருவை நீக்குதல்

இங்கேதான் நேரத்தைச் செலவிட வேண்டும். கழற்றிய தகட்டை முதலில் இரு முகமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உதிரும் துருவை நைலான் தூரிகையால் தட்டுங்கள். கம்பித் தூரிகை நல்ல எஃகையும் சுரண்டும்.

கரைசல்: ஒரு லிட்டருக்கு, அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் (ஒப்படர்த்தி 1.19) 500 மி.லி., ஹெக்சாமெத்திலீன் டெட்ராமின் 3.5 கிராம், மீதி காய்ச்சி வடித்த நீர். தண்ணீரை முதலில் ஊற்றி, அமிலத்தை அதில் மெதுவாகச் சேருங்கள். ஒருபோதும் மாற்றிச் செய்யாதீர்கள். புகைக்கூண்டு (அமில ஆவியை வெளியே இழுக்கும் ஃப்யூம் ஹூட்), பாதுகாப்புக் கண்ணாடி, முழங்கை வரை கையுறை மூன்றும் இல்லாமல் தொடங்கக் கூடாது. ஹெக்சாமின் எஃகின் மேல் ஒட்டி அமிலத்தைத் தடுக்கிறது, பெரும்பாலும் துரு மட்டும் கரைகிறது. ஆண்டிமனி ஆக்சைடு கலந்த கிளார்க் கரைசலும் தரநிலையில் உண்டு. ஆனால் அது நச்சு. இந்த வேலைக்கு ஹெக்சாமினே போதும்.

20 முதல் 25 பாகையில் பத்து நிமிடம். குளிரூட்டிய அறையில் செய்யுங்கள். 31 பாகையில் அமிலம் எஃகையும் கூடுதலாகத் தின்னும். எடுத்து, நீரில் அலசி, மெல்லத் தூரிகை போட்டு, ஆல்கஹாலில் அலசி, உலர்த்தி, எடை. இது ஒரு சுற்று. ஐந்து சுற்றுகள் செய்யுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஓர் ஒப்பீட்டுத் தகட்டையும் கூடவே முக்குங்கள்.

எடுத்துக்காட்டாக, ஒரு தகட்டின் மொத்த எடையிழப்பு சுற்றுக்குச் சுற்று 11.20, 11.92, 12.05, 12.08, 12.11 கிராம் என்று வருவதாகக் கொள்வோம். முதல் சுற்றில் துரு முழுதும் போகவில்லை. மூன்றாவதிலிருந்து சுற்றுக்கு 0.03 கிராம் மட்டும் சீராகக் குறைகிறது. அது துரு இல்லை, அமிலம் தின்ற எஃகு. ஒப்பீட்டுத் தகடும் அதே 0.03ஐ இழந்திருந்தால் ஐயமே வேண்டாம். அந்தக் கடைசி நேர்கோட்டைச் சுற்று பூஜ்யம் வரை பின்னால் நீட்டினால் 11.96 கிராம். உண்மையான இழப்பு அதுதான்.

அரிப்பு வீதம் (மி.மீ./ஆண்டு) = 87,600 × எடையிழப்பு (கிராம்) ÷ [பரப்பு (ச.செ.மீ.) × மணிநேரம் × 7.86 (எஃகின் அடர்த்தி)]

8,760 மணிநேரத்துக்கு 11.96ஐப் போட்டால் 49.9 மைக்ரான், சி3. கடைசி எடையை அப்படியே எடுத்திருந்தால் 50.5, சி4. முதல் சுற்றோடு நிறுத்தியிருந்தால் 46.7. ஒரே தகட்டிலிருந்து மூன்று விடைகள். பெயின்ட் முறை எது என்பது வகையைப் பொறுத்தே தேர்வாகிறது என்பதால் இந்த அரை மைக்ரானுக்குப் பணமதிப்பு உண்டு. எல்லைக்கு இவ்வளவு அருகில் வந்தால் மூன்று தகடுகளின் எண்ணையும் தனித்தனியே எழுதிக்கொண்டு, மோசமான வகைக்கே வடிவமையுங்கள்.

ஒப்பீட்டுத் தகடு சுற்றுக்குச் சுற்று கூடுதலாக இழந்தால் கரைசல் பழசாகிவிட்டது என்று பொருள். கரைந்த இரும்பு அதில் சேர்ந்துவிட்டது. புதிதாகக் கலக்குங்கள். பழையதைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். இத்தீவின் மழைநீர்க் கால்வாய்கள் பெரும்பாலும் நாம் குடிக்கும் நீர்த்தேக்கங்களுக்குப் போகின்றன. உரிமம் பெற்ற நச்சுக் கழிவு சேகரிப்பாளரிடம் கொடுங்கள்.

எதற்கு இந்த எண் பொருந்தாது

எடையிழப்பு சராசரியைச் சொல்கிறது, குழிகளைச் சொல்வதில்லை. கழுவிய தகட்டில் குழி தெரிந்தால் ஆழத்தை டயல் கேஜாலோ நுண்ணோக்கியின் குவியத்தை மேலும் கீழும் நகர்த்தியோ தனியே அளந்துகொள்ளுங்கள். மெல்லிய குழாயில் கசிவு சராசரியால் வருவதில்லை, குழியால்தான் வருகிறது. 304 ஸ்டெயின்லெஸ் கைப்பிடிகள் கடலோரத்தில் தேநீர்க் கறைபோலப் பழுப்பேறுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே எடைபோட்டால் எதுவும் தெரியாது. துத்தநாகம் பூசிய தகட்டை மேலே சொன்ன அமிலத்தில் முக்கினால் பூச்சே கரைந்துபோகும். அதற்கு லிட்டருக்கு 100 கிராம் அம்மோனியம் குளோரைடு, 70 பாகையில் இரண்டு முதல் ஐந்து நிமிடம்.

அமிலத்தில் கழுவிய தகட்டை மறுபடி சட்டத்தில் மாட்டாதீர்கள். துருப்படலம் போன எஃகு புது எஃகைப்போல முதல் மாத வேகத்தில் மீண்டும் அரிக்கத் தொடங்கும். அந்த எண் எந்த ஆண்டுக்கும் பொருந்தாது. நான்காம் ஆண்டுக்கு வைத்த மூன்று தகடுகளையும் அதுவரை திருப்பவோ துடைக்கவோ வேண்டாம். சட்டத்தின் போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று மட்டும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.