மரை வழுக்கிய ஸ்டட்டும் ஆத்தங்குடிக் கல்லும்

ஐயா வாங்கிய 1968 அம்பாசடர் மார்க் 2 இன்னும் கானாடுகாத்தான் வீட்டுக் கொட்டகையில்தான் நிற்கிறது. வளவுக்கு, அதாவது வீட்டு முற்றத்தைச் சுற்றிய இடத்துக்கு, போட்டது போக மிஞ்சிய ஆத்தங்குடிக் கல்லைக் கொட்டகைத் தரைக்குப் பதித்திருக்கிறார்கள். தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் பளபளக்கும் கல். எஞ்சின் ஆயில் விழுந்தால் கறுத்தது கறுத்ததுதான்.

ஆயில் ஒரே இடத்தில் சொட்டுகிறதே என்று பெட்ரோல் பம்பின் பேக்கிங்கை மூன்று முறை மாற்றினேன். கோளாறு அதில் இல்லை. பம்பைப் பிடிக்கும் இரண்டு ஸ்டட்டில் (இரண்டு முனையிலும் மரை உள்ள தண்டு) ஒன்றின் மரை எஞ்சின் பிளாக்குக்குள் வழுக்கியிருந்தது. வழுக்க வைத்தவனும் நான்தான். ஒழுகும்போதெல்லாம் இன்னும் ஒரு கால் சுற்று முறுக்கியிருக்கிறேன்.

அதனால் முதலில் ஒழுகும் இடத்தைப் பிடியுங்கள். மண்ணெண்ணெய் போட்டுக் கழுவி, காயவிட்டு, பம்பைச் சுற்றி முகப்பவுடரைத் தூவி, எஞ்சினைப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். வெள்ளையில் ஈரக்கோடு எங்கே ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். பம்பின் அடியிலுள்ள சிறு துளையிலிருந்து வந்தால் கோளாறு பம்புக்குள். ஆயிலில் பெட்ரோல் வாடை அடித்தால் வண்டியை எடுக்கவே வேண்டாம், பம்புக்குள் இருக்கும் டயாப்ரம் என்ற ஜவ்வு கிழிந்திருக்கலாம். நட்டைத் திருகத் திருக இறுகாமல் ஸ்டட்டும் கூடவே சுற்றினால், சரி, மரைதான்.

பேட்டரி வயரைக் கழற்றுங்கள். பெட்ரோல் டியூபை அடைத்துவிட்டுப் பம்பை இறக்குங்கள். பக்கத்தில் யாரும் பீடி பற்றவைக்கக் கூடாது. பம்புக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள கட்டையைப் பத்திரப்படுத்துங்கள். அதன் கனம் மாறினால் பம்பின் நெம்புகோல் அசைகிற அளவும் மாறிவிடும்.

என் ஸ்டட் கையாலேயே வந்தது. மரைப் பள்ளங்களில் பிளாக்கின் இரும்பு, முறுக்குச் சுட்ட சட்டியில் ஒட்டிய துணுக்குப் போல அப்பியிருந்தது. அதைத் தட்டிவிட்டு மரை கேஜ் வைத்துப் பாருங்கள். 5/16 அங்குலத்தில் அங்குலத்துக்கு 18 மரையும் உண்டு, 24 மரையும் உண்டு. கடையில் "எட்டு எம்எம் போதும் சார்" என்பார்கள். இரண்டு சுற்று நன்றாக ஏறும், அப்புறம் மிச்ச மரையையும் தின்றுவிடும்.

நான் ஹெலிகாயில் போட்டேன், அதாவது துளையைப் பெரிதாக்கிப் புது மரை வெட்டி அதற்குள் ஏற்றும் கம்பிச் சுருள். அதன் கிட்டுக்கு 21/64 அங்குல டிரில் பிட். பிளாக்கில் பம்பு உட்காரும் வாயில் துணியைத் திணித்து, வாலை வெளியே விடுங்கள். துணியே உள்ளே போனால் பெரிய வம்பு. பிட்டிலும் மரை வெட்டும் டேப்பிலும் கிரீஸ் தடவினால் இரும்புத்தூள் அதிலேயே ஒட்டும். துளை உள்ளே வரை திறந்திருந்தால் இது இன்னும் முக்கியம். டேப்பை அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று விடுங்கள். டிரில் நேராகப் பிடிக்கத் தெரியாது என்றால் காரைக்குடியில் லேத்துப் பட்டறைக்காரர் ஒருவரைக் கூட்டி வாருங்கள். கோணலாகப் போன துளையைத் திருத்துவது அவருக்கே தலைவலி.

சுருளை மேற்பரப்புக்கு அரை மரை கீழே நிறுத்துங்கள். சுருளின் நுனி வாலை உடைத்ததும் சாமணத்தால் வெளியே எடுத்து, கண்ணால் பார்த்த பிறகே அடுத்த வேலை.

புது ஸ்டட்டின் பிளாக் முனைக்கு அனபாண்டோ வேறு சீலண்டோ தடவுங்கள். துளை உள்ளே திறந்திருந்தால் ஆயில் மரை வழியாகவே ஏறி வரும், பேக்கிங் அதைத் தடுக்காது. இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று பூட்டி, ஸ்டட்டை விரல் பலத்துக்கு மட்டும் இறக்குங்கள்.

பம்பு முகத்தைக் கண்ணாடி மேல் வைத்த எமரி பேப்பரில் தேயுங்கள். என்னுடையது முறுக்கி முறுக்கி வில்லாக வளைந்திருந்தது. கட்டையின் இரண்டு பக்கமும் புது பேக்கிங். நட்டுக்கு அரை அங்குல ஸ்பேனர். 13 எம்எம் போட்டால் மூலை மழுங்கும். ஸ்பேனரை நடுவில் பிடித்து, இரண்டு நட்டையும் மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஓட்டி ஆறியதும் ஒருமுறை தொட்டுப் பார்த்தால் போதும்.

கல்லின் கறைக்குச் சுண்ணாம்புத் தூளைத் தூவி ஒரு ராத்திரி விட்டேன். மேலாக இருந்தது போனது, உள்ளே இறங்கியது போகவில்லை. அப்பத்தா இருந்திருந்தால் கல்லையே பெயர்த்து மாற்றச் சொல்லியிருப்பார்.