சாம்பல் மலை அணிலைக் கூட்டை வைத்துத் தேடுவது எப்படி

சாம்பல் மலை அணிலைத் தேடுகிறவர்கள் முதலில் கூட்டைத் தேடுங்கள். ஆள் அரவம் கேட்டால் அணில் கொப்போடு ஒட்டி அசையாமல் கிடந்துவிடும். கூடு எங்கும் போகாது.

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் விலங்கு இது. 1988இல் இதற்கென்றே ஸ்ரீவில்லிபுத்தூரில் சரணாலயம் அமைந்தது. 2021இல் அது மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போகக் கூடாது.

ஓடைக்கரையை ஒட்டி நடங்கள். புளி, மா, நாவல், நீர்மருது போன்ற மரங்களில், பக்கத்து மரத்தோடு கிளை கோத்திருக்கும் உச்சியைப் பாருங்கள். தப்பி ஓட வழி இருக்கிற இடத்தில்தான் கூடு கட்டும். எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8x40 பைனாகுலர் போதும். இலை உதிரும் காலத்தில் வேலை எளிது.

குச்சியும் தழையும் சேர்த்துக் கட்டிய உருண்டை அணில் கூடு. காக்கைக் கூட்டில் தழை இருக்காது, மேற்புறம் திறந்திருக்கும். முசுறு எறும்பின் கூட்டில் குச்சியே கிடையாது. உயிருள்ள இலைகளை ஒட்டித் தைத்திருக்கும்.

பலரும் தவறுவது கணக்கில்தான். ஓர் அணில் பல கூடுகள் வைத்திருக்கும். பத்துக் கூடு கண்டால் பத்து அணில் என்று எழுதிவிடாதீர்கள். பச்சைத் தழை செருகியிருந்தால் அண்மையில் செப்பனிட்டிருக்கிறது; உள்ளே தூங்குகிறதா என்பது அதை வைத்துத் தெரியாது. அதற்கு ஒரே வழி, விடியும் முன்பே போய் முப்பது மீட்டர் தள்ளி உட்கார்ந்து, யார் வெளியே வருகிறார்கள் என்று பார்ப்பது. நடுப்பகலில் ஓய்வெடுக்கும், அப்போது காத்திருப்பது வீண்.

கீழே கிடக்கும் புளியம்பழ ஓட்டை மட்டும் வைத்து அணில் இருக்கிறது என்று நம்பாதீர்கள், குரங்கும் போடும். அணிலைக் கண்டாலும் முதுகைப் பார்த்துவிடுங்கள்: செம்பழுப்பும் கருப்புமாக இருந்தால் அது மலபார் மலை அணில். சாம்பல் மலை அணிலின் முதுகு சாம்பல் பழுப்பு, நரை தூவியது போல வெண்முடி கலந்திருக்கும்.

கூட்டுக்கு நேர் கீழே நிற்காதீர்கள், மரத்தைத் தட்டாதீர்கள். உள்ளே குட்டி இருக்கலாம். குறிப்பேட்டில் மரத்தின் பெயர், கூட்டின் உயரம், உச்சியைத் தொடும் மரங்களின் எண்ணிக்கை மூன்றும் வேண்டும். கடைசியதை விட்டுவிடாதீர்கள். கிளைத் தொடர்பு அறுந்த இடத்தில் அணில் தரையில் இறங்கித்தான் கடக்க வேண்டும். தரையில் நாயிடம் சிக்கும்.