அதிரசத்தை விட வேண்டாம்: பேலியோவில் இருப்பவர்களுக்கு ஒரு தீபாவளித் திட்டம்

மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடும் பேலியோ உணவுமுறையை ஆரம்பித்த பிறகு வந்த முதல் தீபாவளிக்கு எதையும் தொடுவதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். வந்த தட்டுகளை எல்லாம் திருப்பி அனுப்பினேன். அம்மா நோன்புக்குப் படைத்த அதிரசத்தைக்கூடக் கையில் வாங்கி அப்படியே தம்பியிடம் கொடுத்துவிட்டேன். இரவு பதினொரு மணிக்கு எல்லாரும் தூங்கிய பிறகு சமையலறைக்குப் போய், விளக்குகூடப் போடாமல் நின்றுகொண்டே மிக்சர், மைசூர்பாகு, யாரோ கொடுத்த கடை லட்டு என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் தின்றேன். அதில் அம்மாவின் அதிரசம் இல்லை. அது எப்போதோ தீர்ந்திருந்தது. மறுநாளும் அதே கதை தொடர்ந்து, கார்த்திகைப் பொரி உருண்டை வரைக்கும் நீண்டது.

அடுத்தடுத்த தீபாவளிகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். பேலியோ, கீட்டோ என்று பெயர் எதுவாக இருந்தாலும், மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடும் எல்லாருக்கும் இது உதவும்.

தொடங்கும் முன் ஒன்று. இன்சுலின் போடுபவர்களும் கிளிமெபிரைடு போன்ற நீரிழிவு மாத்திரை எடுப்பவர்களும் மாவுச்சத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கும். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்த மாத்திரையோடு மாவுச்சத்தை மிகவும் குறைத்தாலோ பட்டினி கிடந்தாலோ, ரத்தச் சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே கீட்டோஅசிடோசிஸ் (ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஆபத்தான அளவுக்கு ஏறும் நிலை) வரக்கூடும். தயவுசெய்து பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே உங்கள் மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

படி 1: எந்த வேளை என்று குறியுங்கள்

"தீபாவளிக்கு மட்டும் சாப்பிட்டுக்கிறேன்" என்று சொல்வது எளிது. ஆனால் தீபாவளி எங்கே ஒரு நாளோடு நிற்கிறது? முறுக்கு பிழியும் நாளிலேயே ருசி பார்ப்பது தொடங்கிவிடும். அப்புறம் தீபாவளி, அதை ஒட்டி நோன்பு, ஒரு வாரத்துக்கு அக்கம்பக்கத்துப் பெட்டிகள். எல்லாம் சேர்ந்தால் பத்து நாள்.

அதனால் நாளைக் குறித்தால் போதாது, வேளையையும் குறிக்க வேண்டும். என்னுடையது கேதார கௌரி நோன்பு அன்று மாலை, படையல் முடிந்த பிறகு வரும் சாப்பாடு. அந்த ஒரு வேளைதான். வீட்டில் எல்லாரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். சொல்லிவிட்டால் மற்ற நேரத்தில் யாரும் தட்டை நீட்டுவதில்லை. எனக்கும் "அன்றைக்கு உண்டு" என்ற நிம்மதி இருக்கும்.

இதில் ஒரு நல்ல செய்தி. அசைவம் சாப்பிடுகிற வீடுகளில் தீபாவளிக் காலையே பாதி பேலியோதான். எண்ணெய்க் குளியல் முடித்து வந்ததும் ஆட்டுக்கறிக் குழம்பு. இட்லியை ஒன்றோடு நிறுத்தி, கறியைக் கூடுதலாக வைத்து, இரண்டு அவித்த முட்டை சேர்த்துக்கொண்டால் யாருக்கும் வித்தியாசம்கூடத் தெரியாது. சைவ வீடுகளில் பனீர் வறுவல், காளான், தேங்காய் அரைத்த குருமா. லேகியத்தை விட வேண்டாம். வெல்லம் இருக்கிறதுதான், ஆனால் சுண்டைக்காய் அளவு உருண்டையில் எவ்வளவு வந்துவிடப் போகிறது?

படி 2: ஒரு பலகாரம், அதுவும் மனதுக்கு நெருக்கமானது

நான் அதிரசத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ருசி மட்டும் இல்லை. நோன்புக்கு 21 அதிரசம் வைத்துப் படைப்பது எங்கள் வழக்கம். அம்மா பச்சரிசியை ஊறவைத்து, வெள்ளைத் துணியில் நிழலில் பரப்பி, கையில் ஈரம் ஒட்டும் பதத்தில் மாவாக்குவார். வெல்லப்பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, அது உருண்டு திரண்டால்தான் மாவைக் கொட்டுவார். மாவு ஒரு நாளாவது பானையில் இருந்தாக வேண்டும். வாழையிலையில் நெய் தடவித் தட்டி, எண்ணெயில் போட்டு, இரண்டு கரண்டிகளுக்கு நடுவே வைத்து அழுத்தும்போது எண்ணெய் வழிந்து இறங்கும். இத்தனை வேலையை அறுபத்தெட்டு வயதில் ஒருவர் நமக்காகச் செய்யும்போது வேண்டாம் என்று சொல்வதற்கு எனக்கு மனம் வரவில்லை.

உங்களுக்கு அது ரவா லட்டாக இருக்கலாம், பாட்டியின் சோமாசியாக இருக்கலாம். ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இது மாதத்தில் எந்த நாளும் கடையில் கிடைக்குமா? கிடைக்கும் என்றால் அதற்காக இந்த வேளையைச் செலவழிக்காதீர்கள்.

படி 3: கணக்கு

சேர்மானப் பொருள்களின் மொத்த மாவுச்சத்தை எண்ணிக்கையால் வகுத்தால் போதும். எங்கள் வீட்டு அளவையே பார்ப்போம். ஒரு கிலோ பச்சரிசியில் சுமார் 780 கிராம் மாவுச்சத்து. முக்கால் கிலோ வெல்லத்தில் சுமார் 640 கிராம். கூட்டினால் 1,420. இதில் 60 அதிரசம் வரும். ஆக ஒன்றுக்கு 24 கிராம். பொரிக்கிற எண்ணெயில் மாவுச்சத்து கிடையாது.

மைசூர்பாகுக்கு ஒரு கப் கடலை மாவு, இரண்டு கப் சர்க்கரை என்றால் சர்க்கரை மட்டுமே ஏறத்தாழ 400 கிராம். 25 துண்டு போட்டால் சர்க்கரையே துண்டுக்கு 16 கிராம், மாவு தனி. முறுக்கின் எடையில் பாதிக்கு மேல் மாவுச்சத்துதான். டிவி பார்த்துக்கொண்டே 50 கிராம் முறுக்கைக் கொறிப்பதும் ஓர் அதிரசம் சாப்பிடுவதும் கணக்கில் ஒன்றுதான். மனதுக்குத்தான் ஒன்றில்லை.

சாதாரண நாளில் நான் 40 கிராமுக்குள் இருப்பேன். நோன்பு அன்று 100 வரை விடுகிறேன். இரண்டு அதிரசம் 48. மற்ற மூன்று வேளைக் காய், தயிர், பருப்பு எல்லாம் சேர்த்து 35. மீதியைத் தொடுவதில்லை, அது கணக்குப் பிசகினால் தாங்குவதற்கு.

இங்கே மூன்று இடத்தில் ஏமாந்துவிடாதீர்கள். வெல்லமோ கருப்பட்டியோ நாட்டுச் சர்க்கரையோ, மாவுச்சத்துக் கணக்கில் வெள்ளைச் சர்க்கரைக்கு மிக அருகில்தான் நிற்கின்றன. தினை, வரகு அதிரசமும் அரிசி அதிரசத்துக்குப் பெரிதாகக் குறைந்தது இல்லை. "சுகர் ஃப்ரீ" என்று எழுதிய கடைப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். மால்டிடால் என்ற இனிப்பூட்டி இருந்தால் அது ரத்தச் சர்க்கரையை ஏற்றும். பேரீச்சம்பழத்தில் செய்திருந்தால் அதன் எடையில் பெரும்பகுதி சர்க்கரைதான். என்னைக் கேட்டால், பண்டிகைக்குப் போலி இனிப்பு வேண்டாம். பெட்டி முழுவதும் தின்றாலும் ஆசை அடங்காது.

படி 4: முதலில் சாப்பாடு, கடைசியில் இனிப்பு

பசியோடு இனிப்பைத் தொடாதீர்கள். "சாயந்திரம் விருந்து இருக்கே" என்று மதியம் பட்டினி கிடப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. மதியம் வழக்கம்போல வயிறாரச் சாப்பிடுங்கள்.

மாலையில் வரிசை முக்கியம். நியூயார்க்கின் வெய்ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 11 பேரை வைத்து நடந்த ஆய்வு 2015-இல் வெளியானது. ஒரு நாள் ரொட்டியையும் ஆரஞ்சுச் சாற்றையும் முதலில் கொடுத்து, பிறகு கோழியும் காய்கறியும் கொடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து அதே உணவை வரிசை மாற்றிக் கொடுத்தார்கள். கோழியும் காயும் முதலில் போன நாளில், ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்த ரத்தச் சர்க்கரை 37 சதவீதம் குறைவாக இருந்தது. சிறிய ஆய்வுதான், ஆனால் பின்னால் வந்த ஆய்வுகளும் இதே பக்கம்தான் காட்டுகின்றன. நம் இலையில் இனிப்பை முதலில் வைக்கிறார்கள், அது மங்கலம். இலையில் இருக்கட்டும், கடைசியில் எடுப்போம்.

நோன்பு அன்று வீட்டில் சைவம். எனவே முட்டைகோஸ் பொரியல், கீரைக்கூட்டு, நெய்யில் வறுத்த பனீர், கெட்டித் தயிர் என்று முதலில் சாப்பிடுவேன். சோறு வைத்துக்கொள்வதில்லை. 100 கிராம் சோற்றில் 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது, அந்த இடம் அதிரசத்துக்கு.

அப்புறம் தட்டில் இரண்டு அதிரசம். உட்கார்ந்து, போனைத் தள்ளி வைத்துவிட்டுச் சாப்பிடுங்கள். ஓரம் மெல்லிய மொறுமொறுப்பு, உள்ளே போகப்போக மெத்து, நடுவில் பாகின் ஈரம். ஏலக்காய் முதலில் தெரியும், சுக்கு தொண்டையில் போய்த்தான் தெரியும். முதல் தீபாவளியில் இருட்டில் நின்று தின்றபோது இதில் எதையும் நான் அறியவில்லை.

படி 5: இருபது நிமிட நடை

சாப்பிட்ட அரை மணிக்குள் கிளம்புங்கள். நடக்கும்போது கால் தசைகள் இன்சுலினை அதிகம் எதிர்பாராமலே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். புகை அதிகம் என்றால் மொட்டை மாடியோ வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமோ போதும்.

குளுக்கோமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு: அன்றைய எண் நீங்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக வரலாம். பல மாதம் மாவுச்சத்துக் குறைவாகச் சாப்பிட்ட உடம்பு, திடீரென்று வரும் குளுக்கோஸைக் கையாளக் கொஞ்சம் தடுமாறும். குளுக்கோஸ் குடித்துச் செய்யும் பரிசோதனைக்கு முன் மூன்று நாள் தினமும் 150 கிராமாவது மாவுச்சத்து சாப்பிடச் சொல்வது இதனால்தான். ஒரு எண்ணைப் பார்த்துக் கலங்க வேண்டாம். ஆனால் மறுநாள் வெறும் வயிற்றிலும் கூடுதலாகவே இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

படி 6: பெட்டிகள்

நான் பார்த்தவரை, பண்டிகையால் எடை ஏறுபவர்கள் பெரும்பாலும் அடுத்த வாரத்தில்தான் ஏறுகிறார்கள். காரணம் சமையலறை மேடையில் திறந்தபடி இருக்கும் பெட்டி.

வருகிற பெட்டியைப் பிரிக்காமலே ஒரு பையில் போட்டுவிடுங்கள். மறுநாள் காலையிலேயே காவலாளி, வீட்டு வேலைக்கு வரும் அக்கா, அலுவலகம் என்று கொடுத்துவிடலாம். பிரித்து, இரண்டு எடுத்துவிட்டு மீதியைக் கொடுப்பது மரியாதையும் இல்லை. அம்மாவின் அதிரசம் எவர்சில்வர் தூக்கில் அவருடைய அறையில் இருக்கும். பேரப்பிள்ளைகள் கேட்டால் அவர் எடுத்துக் கொடுப்பார்.

உறவினர் வீட்டில் வற்புறுத்தினால் உணவுமுறையைப் பற்றி விளக்கம் சொல்லாதீர்கள், பேச்சு விவாதமாகிவிடும். "இப்பதான் சாப்பிட்டேன் அத்தை, ரெண்டு கட்டிக் கொடுங்க, வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்" என்று சொன்னால் அவர்களுக்கும் சந்தோஷம். வீட்டுக்கு வந்ததும் அது பையில் சேரட்டும்.

படி 7: மறுநாள்

காலையில் வழக்கமான முட்டையோ பனீரோ. பட்டினி வேண்டாம். கூடுதல் உடற்பயிற்சியும் வேண்டாம். இரண்டு மூன்று நாள் இனிப்பு நினைவு வரும். அப்போது ஒரு டம்ளர் மோரில் உப்பும் பெருங்காயமும் போட்டுக் குடிப்பேன். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

எடை பார்த்தால் ஏறித்தான் இருக்கும். உடம்பு மாவுச்சத்தைக் கிளைகோஜனாகச் சேமிக்கும்போது ஒவ்வொரு கிராமுடனும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரையும் சேர்த்து வைக்கிறது. ஒரு கிலோ கொழுப்பு ஏற வேண்டுமென்றால் தேவைக்கு மேல் 7,000 கலோரிக்கும் அதிகமாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். இரண்டு அதிரசத்தில் அது நடக்காது.

ஒரு சின்ன நோட்டில் நான்கு நாள் எடையைக் குறித்து வையுங்கள், அடுத்த பண்டிகைக்கு அதைவிடத் தைரியம் கொடுப்பது வேறு எதுவும் இல்லை. போன ஆண்டு என்னுடையது: நோன்பு அன்று காலை 74.2, மறுநாள் 74.9, அதற்கடுத்த நாள் 74.6, நான்காம் நாள் 74.2.