காத்து மாறிடுச்சு, தண்ணி இன்னும் மாறல: இலையுதிர் கால ஆரம்பத்துல கடல்ல தூண்டில் போடறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

செப்டம்பர் பொறந்து காலைல லேசா ஒரு குளிர் காத்து அடிச்சா போதும், மூலைல கெடக்குற ராடை எடுத்துத் தொடைச்சு, ரீலுக்கு ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு, "சீசன் மாறிடுச்சுடா"ன்னு கெளம்பிடுவோம். நானும் பல வருஷம் அப்படித்தான் கெளம்புனேன், பாதி நாள் வெறுங்கையோடதான் திரும்பி வந்தேன். வெப்பமான கடற்கரைகள்ல இந்தக் காலத்துல நாம பண்ற தப்பெல்லாம் பெரும்பாலும் ஒரே இடத்துல இருந்துதான் வருது. மாறுனது காத்துதான், தண்ணி இல்ல. மேல குளுகுளுன்னு இருக்கும், முழங்கால் அளவு எறங்கிப் பாருங்க, வெதுவெதுன்னு இருக்கும்.

கடல் சூடாகுறதுக்கும் சோம்பேறி, ஆறுறதுக்கும் சோம்பேறி. வட அரைக்கோளத்துல பகல் அதிகமா இருக்குறது ஜூன் 21 வாக்குல, ஆனா நெறைய கரைகள்ல கடலோட மேல்தண்ணி உச்ச சூட்டைத் தொடுறது ஆகஸ்ட், செப்டம்பர்லதான் (தெற்கு அரைக்கோளத்துல இருந்தா ஒரு ஆறு மாசம் தள்ளிக் கணக்கு போட்டுக்கோங்க). அதனால நமக்கு இது இலையுதிர் காலம், மீனுக்கு இன்னும் கோடைதான். இதை மறந்துட்டு "இப்பதான் வெயில் கம்மியாச்சே"ன்னு மத்தியானம் ரெண்டு மணிக்கு இடுப்பளவு ஆழத்துல நின்னு லூர் (மீன் மாதிரி செஞ்ச பொய் இரை) வீசிட்டு இருந்தா கை வலிதான் மிச்சம்.

சூட்டை விட முக்கியமான விஷயம் ஆக்சிஜன். தண்ணி சூடாக ஆக அது பிடிச்சு வெச்சுக்குற ஆக்சிஜன் கொறையும். 20 டிகிரில இருக்குற கடல் தண்ணி லிட்டருக்கு சுமார் 7.4 மில்லிகிராம் வரைக்கும் பிடிக்கும்னா, 30 டிகிரில சுமார் 6.2தான். இது முழுசா நெறைஞ்சா வர்ற கணக்கு, ஓட்டம் இல்லாத உப்பங்கழில அந்த அளவு கூட இருக்காது. இதுல இன்னொரு கூத்து இருக்கு. "விடியக்காலைதான் பெஸ்ட்"னு எல்லாரும் சொல்றோம்ல, தேங்கி நிக்குற கழில அது அப்படியே தலைகீழ். பகல்ல பாசியும் கடல்புல்லும் ஆக்சிஜன் விடும், ராத்திரி பூரா எல்லாம் சேந்து அதை இழுத்துக்கும், அதனால விடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் அங்க ஆக்சிஜன் ரொம்பக் கம்மியா இருக்கும். தண்ணி கண்ணாடி மாதிரி அழகா இருக்கும், போட்டோ எடுக்கலாம், மீன் மட்டும் கடிக்காது. அந்த நேரத்துல முகத்துவாரம், பாலத்துக்குக் கீழ, பாறை முனை இப்படித் தண்ணி ஓடுற, அலை உடையுற இடத்துக்குப் போயிடணும். கழிக்குள்ளதான் போடுவேன்னா வெயில் ஏறி ஒரு மணி நேரமாவது ஆகட்டும், அப்படி இல்லேன்னா புதுத் தண்ணி உள்ள ஏறி வர்ற நேரமா பாத்துப் போங்க.

தண்ணி ஏத்தம் வத்தம் பத்தி எல்லாருக்கும் தெரியும்னுதான் நெனைப்போம், ஆனா அதிகமா சொதப்புறதும் அங்கதான். நேத்து ஆறு மணிக்கு நல்லா அடிச்சுது, இன்னைக்கும் ஆறு மணிக்குப் போறேன்னு போறது. இந்த ஏத்த வத்தம், அதாவது ஓதம், கடிகாரம் பாக்காது, நிலாவத்தான் பாக்கும். தினமும் சுமார் 50 நிமிஷம் தள்ளிப் போயிட்டே இருக்கும், ஒரு வாரத்துல நேர் எதிரா வந்து நிக்கும். அப்புறம் அந்த ஓத அட்டவணை எந்த எடத்துக்குப் போட்டதுன்னு கவனிக்கவே மாட்டோம், அது திறந்த கடல் ஓரத்துக்குப் போட்டிருப்பாங்க, நாம நிக்குறது கழிக்குள்ள நாலு கிலோமீட்டர் தள்ளி, அங்க தண்ணி லேட்டாத்தான் வந்து சேரும். முகத்துவாரத்துல தண்ணி மட்டம் உச்சத்துக்கு வந்ததுக்கப்புறமும் நீரோட்டம் கொஞ்ச நேரம் உள்பக்கமா ஓடிட்டே இருக்குறது சர்வ சாதாரணம். மீனுக்கு மட்டம் எவ்ளோன்னு கவலை கெடையாது, ஓட்டம் எந்தப் பக்கம், எவ்ளோ வேகம்னுதான் கவலை. நீவாடுன்னு கடலோடிங்க சொல்றது அதைத்தான். அட்டவணைல இருக்குற நம்பரை விட தண்ணில போட்ட ஒரு குச்சி எந்தப் பக்கம் போகுதுன்னு பாக்குறது மேல்.

இந்தக் காலத்துக்குன்னே இன்னொன்னு இருக்கு. செப்டம்பர் 22, 23 வாக்குல பகலும் ராவும் சமமா வரும்ல, அதுக்கு முன்ன பின்ன வர்ற அமாவாசை, பௌர்ணமிக்கு நெறைய கரைகள்ல ஓதம் வழக்கத்தை விடப் பெருசா இருக்கும். அதுவும் அமாவாசை அன்னிக்கே உச்சம் இல்ல, பல எடத்துல ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சுதான். கோடை முழுக்க நடந்து போன மணல் திட்டுதானேன்னு அசால்ட்டா போய் நின்னு திரும்பிப் பாத்தா வந்த வழில தண்ணி ஓடிட்டு இருக்கும். அஷ்டமி நவமி பக்கம் வந்தா இதுக்கு நேர்மாறு, ஓட்டமே சோம்பிக் கெடக்கும், அன்னிக்கு இடுக்கான எடமா தேடுங்க, அங்கதான் இருக்குற கொஞ்ச ஓட்டமும் வேகம் பிடிக்கும். இதெல்லாம் ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஏறி வத்துற கரைக்கு. மெக்சிகோ வளைகுடாவோட வடகரை மாதிரி எடத்துல பல பகுதில ஒரே ஒரு தடவைதான் ஏறும், அதுவும் கொஞ்சமாத்தான், அங்க காத்து எந்தப் பக்கம் தள்ளுதுங்குறதுதான் பெரிய விஷயம்.

இப்ப உயிர் சம்பந்தப்பட்ட தப்புக்கு வரேன். வானம் சுத்தமா இருக்கு, காத்து இல்ல, கடல் அமைதின்னு முடிவு பண்றது. கோடை முடியுற நேரத்துல கடல் உச்ச சூட்டுல இருக்கும்னு மேல சொன்னேன்ல, அந்த சூடுதான் புயலுக்குச் சாப்பாடு. அட்லாண்டிக்ல புயல் சீசனோட உச்சம் செப்டம்பர் 10 வாக்குலதான் வருது. புயல் நம்ம பக்கம் வரவே வேண்டாம், அது கெளப்புற அலை மட்டும் வரும். 15 செகண்டுக்கு ஒண்ணுன்னு வர்ற நீள அலைக்கூட்டம் ஆழ்கடல்ல மணிக்கு சுமார் 42 கிலோமீட்டர் வேகத்துல நகரும், அதாவது 1000 கிலோமீட்டர் தள்ளி இருக்குற புயலோட அலை ஒரே நாள்ல நம்ம காலடிக்கு வந்துடும், இங்க இலை கூட அசைஞ்சிருக்காது. கள்ளக்கடல்னு ஒரு பேர் இருக்கே, எவ்ளோ பொருத்தம் பாருங்க, திருடன் மாதிரி சத்தமே போடாம வரும்.

அதனால பாறை மேலயோ அலைத்தடுப்புச் சுவர் மேலயோ ஏறறதுக்கு முன்னாடி ஒரு 20 நிமிஷம் சும்மா உக்காந்து பாருங்க. பெரிய அலை எல்லாம் கூட்டமா வரும், நடுவுல பத்து நிமிஷம் கூட குளம் மாதிரி இருக்கும், அந்த இடைவெளில வந்து பாத்தவன்தான் "கடல் சும்மாத்தான் இருக்கு"ன்னு ஏறி நிப்பான். வானிலை அறிவிப்புல அலை உயரத்தை மட்டும் பாக்காதீங்க, எத்தனை செகண்டுக்கு ஒரு அலைங்குறதையும் பாருங்க. ஒரு மீட்டர் அலை 6 செகண்ட்னா சலசலப்பு, அதே ஒரு மீட்டர் 15 செகண்ட்னா கரைக்கிட்ட வரும்போது எழும்பி நிக்கும். பாறை கருப்பா ஈரமா இருந்தா அலை அங்க வரைக்கும் ஏறிப் போயிருக்குன்னு அர்த்தம், காஞ்ச எடத்துல நில்லுங்க. தண்ணில தவறி விழுந்து இழுவை (கரைல இருந்து கடலுக்குள்ள இழுக்குற ஓட்டம்) பிடிச்சுட்டா நேரா கரைக்கு நீந்திப் போராடாதீங்க, கரைக்கு இணையா பக்கவாட்டுல நகந்து வெளிய வாங்க. தமாஷ் என்னன்னா மீன் நிக்குறதும் அந்த இழுவையோட ஓரத்துலதான். ரெண்டு பக்கம் அலை உடைஞ்சு நடுவுல ஒரு எடம் மட்டும் உடையாம இருண்டு தெரியும் பாருங்க, மணல்ல நின்னுக்கிட்டே அந்த ஓரத்துல இரையைப் போடலாம், நாம இறங்கத்தான் கூடாது.

மழை பெஞ்சு தண்ணி கலங்கிட்டா வீட்டுக்குத் திரும்புறதும் தப்புதான். ஆத்துத் தண்ணி உப்புத் தண்ணியை விட லேசு, அதனால மேல மேலயே மெதந்துட்டு வரும், காபி கலர்ல இருக்குற அந்தத் தண்ணிக்குக் கீழ நல்ல உப்புத் தண்ணி இருக்கலாம். வீசுன இரை மேலாப்புலயே மெதந்தா கடிக்காது, ஈயத்தைக் கொஞ்சம் கூட்டித் தரைக்கு எறக்குங்க. கலங்கலும் தெளிவும் சேர்ற கோடு கண்ணுக்கே தெரியும், அந்தக் கோட்டுக்குத் தெளிவான பக்கத்துல போட்டு இழுத்துப் பாருங்க. உள்ள இருந்த இறால், மடவைக்குஞ்சு எல்லாம் ஆத்துத் தண்ணி தள்ளித் தள்ளி முகத்துவாரத்துக்கு வந்திருக்கும், கொடுவா, காலா மாதிரி பெரிய மீனெல்லாம் அதுக்குத்தான் வாசல்ல காத்துட்டு நிக்கும்.

இரை அளவு. வசந்த காலத்துல பொறந்த குஞ்செல்லாம் கோடை பூரா தின்னு வளந்து இப்ப விரல் நீளத்தைத் தாண்டியிருக்கும், நாம மட்டும் ஜூன்ல வாங்குன அதே சின்ன லூரை வீசிட்டு இருப்போம். தண்ணில ஓடுற மீன் எந்த அளவுல இருக்குன்னு பாத்து அந்த அளவுக்கு மாத்துங்க. மடவைக் கூட்டம் தெரிஞ்சா நடுவுல வீசாதீங்க, ஆயிரம் நிஜ மீனுக்கு நடுவுல உங்க பிளாஸ்டிக் மீனை யார் தேடி வந்து கடிப்பா? கூட்டத்தோட ஓரம், வால் பக்கம், முடிஞ்சா கூட்டத்துக்குக் கீழ. அடிபட்டு ஒதுங்குன மீனத்தான் பெருசு முதல்ல பிடிக்கும்.

சர்க்கிள் ஹூக் போட்டுட்டு பழக்க தோஷத்துல ராடை வெட்டி இழுக்குறது எனக்கே ரெண்டு வருஷம் போகாத வியாதி. அந்த வளைஞ்ச ஊசி மீன் திரும்பி ஓடும்போது தானா வாய் ஓரத்துல மாட்டும், வெடுக்குன்னு இழுத்தா வெறுமனே வெளிய வந்துடும். லைன் இறுகுனதும் நிதானமா ரீல் சுத்துனா போதும். அதே மாதிரி சூடான தண்ணில மெல்லிய லைன் போட்டு அரை மணி நேரம் விளையாட்டு காட்டுறது. ஆக்சிஜன் கம்மியான தண்ணில அவ்ளோ நேரம் போராடுன மீனை விட்டாலும் நெறைய தடவை அது பொழைக்காது. திருப்பி விடுற எண்ணம் இருந்தா கொஞ்சம் கெட்டியான லைன் போட்டு சீக்கிரம் இழுங்க, கைய நனைச்சுட்டுப் பிடிங்க, முடிஞ்சா தண்ணிய விட்டு எடுக்காமலே ஊசியைக் கழட்டுங்க.

சாப்பிட எடுத்துட்டுப் போறவங்க பண்றது இன்னும் மோசம். காத்து குளிரா இருக்கேன்னு மீனை வெறும் பக்கெட் தண்ணில போட்டு வெயில்ல வெச்சுட்டு மூணு மணி நேரம் தொடர்ந்து தூண்டில் போடுவாங்க. கானாங்கெளுத்தி, சூரை மாதிரி மீன்ல சூடு பட்டா பாக்டீரியா ஹிஸ்டமின்னு ஒண்ணை உண்டாக்கும், அது எவ்ளோ கொதிக்க வெச்சாலும் போகாது, வறுத்தாலும் போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல மொகம் செவந்து, தலை வலிச்சு, ஒடம்பு அரிக்கும், "எனக்கு மீன் அலர்ஜி"ன்னு தப்பா முடிவு பண்ணிப்போம். பிடிச்ச உடனே ஐஸ். வெறும் ஐஸ் மேல வெக்கிறதை விட ஐஸும் கடல் தண்ணியும் கலந்த கஞ்சில முக்குனா சீக்கிரம் குளிரும்.

கால் விஷயம் சுருக்கமா. சூடான ஆழமில்லாத மணல்ல திருக்கை புதைஞ்சு கெடக்கும், கால தூக்கி வெச்சு நடக்காம தேச்சுத் தேச்சு நடங்க, அது தானா ஓடிடும். குத்திடுச்சுன்னா தோல் பொறுக்குற சூட்டுல, சுமார் 45 டிகிரி வெந்நில காலை வெச்சுட்டு டாக்டர்கிட்ட போங்க. கால்ல கைல ஆறாத புண்ணு இருந்தா இந்த மாசங்கள்ல கழித்தண்ணில எறங்கவே வேண்டாம், விப்ரியோன்னு ஒரு பாக்டீரியா வெதுவெதுப்பான, உப்பு கொறஞ்ச தண்ணிலதான் நல்லா பெருகும், கல்லீரல் கோளாறு இருக்குறவங்களுக்கு அது உயிருக்கே ஆபத்து. இடி சத்தம் கேட்டா ராடைக் கீழ வெச்சுட்டு நகருங்க, கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும், கடைசி இடிக்கு அப்புறம் 30 நிமிஷம் கழிச்சுத் திரும்பி வந்தா போதும்.

ஒரு சின்ன தெர்மாமீட்டரை நூல்ல கட்டிப் பையில போட்டு வெச்சுக்கோங்க, போறப்பெல்லாம் தண்ணில விட்டுப் பாத்து போன்ல எழுதுங்க. ரெண்டு மூணு வாரம் நம்பர் அசையாது, 29, 30, திரும்ப 29ன்னு கடுப்பேத்தும். அப்புறம் ஒரு நாள் நல்ல குளிர்காத்து விடாம ரெண்டு மூணு நாள் அடிக்கும், நம்பர் சட்டுனு ரெண்டு மூணு டிகிரி எறங்கும், கழிக்குள்ள இருந்த மடவை எல்லாம் முகத்துவாரம் வழியா கருப்பா கம்பளம் விரிச்ச மாதிரி வெளிய வர ஆரம்பிக்கும். அன்னிக்கு மத்தியானம் ரெண்டு மணின்னாலும் கெளம்பிப் போங்க.