கணினி உயிரியல் ஆராய்ச்சி: புதிதாக வருகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

பயோடெக் படித்துவிட்டு, 'லேப் வேலை ஒத்துவரவில்லை, கம்ப்யூட்டர் பக்கம் போய்விடலாம்' என்று கணினி உயிரியலுக்கு, அதாவது உயிரியல் டேட்டாவைக் கணினியில் அலசும் துறைக்கு, வருகிறவர்கள் ஒரு ரகம். கோடிங் தெரியும், உயிரியலைப் போகப் போகப் பார்த்துக்கொள்ளலாம் என்று வருகிறவர்கள் இன்னொரு ரகம். இரண்டு தரப்பும் செய்யும் பெரிய தவறு ஒன்றுதான்: கைக்கு வந்த டேட்டா எங்கே, எப்படி எடுக்கப்பட்டது என்று கேட்காமலே அலசத் தொடங்குவது.

2014இல் மனிதத் திசுக்களையும் எலித் திசுக்களையும் ஒப்பிட்டு ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. மரபணுச் செயல்பாட்டை வைத்துப் பார்த்தால், ஒரே உறுப்பின் திசுக்கள் ஒன்றுசேரவில்லை, ஒரே உயிரினத்தின் திசுக்கள்தான் ஒன்றுசேர்கின்றன என்றது அது. சிகாகோ பல்கலைக்கழக மரபியல் ஆய்வாளர் யோவாவ் கிலாடுக்கு இதில் சந்தேகம். மரபணு வரிசையைப் படிக்கும் மெஷினின் டேட்டா ஃபாஸ்ட்க்யூ என்ற கோப்பில் வரும்; அதில் ஒவ்வொரு ரீடுக்கும் (மெஷின் படித்த ஒவ்வொரு சிறு துண்டுக்கும்) மேலே ஒரு தலைப்பு வரி இருக்கும். எந்த மெஷின், எந்த ரன் (எந்த முறை ஓட்டியது), எந்த லேன் (மெஷினுக்குள் எந்தத் தடம்) என்பதெல்லாம் அதிலேயே இருக்கும்; யாரும் படிப்பதில்லை, அவ்வளவுதான். அவரும் சக ஆய்வாளரும் அதைப் படித்தார்கள். மனித மாதிரிகளும் எலி மாதிரிகளும் பெரும்பாலும் தனித்தனி மெஷினிலோ ரன்னிலோ லேனிலோ ஓடியிருந்தன. அந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுத்ததும் திசுக்கள் உறுப்புவாரியாகச் சேர்ந்தன. 2015இல் இதை வெளியிட்டார்கள். புதிய அல்காரிதம் எதுவும் தேவைப்படவில்லை.

எக்ஸெல் கதை எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் தொடர்கிறது. 'செப்ட்2' என்ற மரபணுவை அது செப்டம்பர் 2 ஆக்கிவிடும். எக்ஸெலில் மரபணுப் பட்டியல் இணைத்த கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாக 2016இல் ஓர் ஆய்வு சொன்னது. கடைசியில் 2020 வாக்கில் மரபணுவின் பெயரையே 'செப்டின்2' என்று மாற்றினார்கள்! மென்பொருளுக்காக உயிரியல் வளைந்துகொடுத்தது. நீங்கள் கோப்பைத் திறக்கும்போதே மரபணுப் பெயர்கள் உள்ள நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்று குறித்துவிடுங்கள்.

மெஷின் லேர்னிங் பக்கம் போனால் வேறொரு பொறி. புரதங்களைக் குலுக்கிப் பிரித்துப் பாதியில் பயிற்சி, மீதியில் தேர்வு என்று வைத்தால், ஒரே குடும்பத்துப் புரதங்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கும். மாடல் மனப்பாடம் செய்ததைத்தான் ஒப்பிக்கும். முதலில் ஒற்றுமையை வைத்துக் குழுவாக்கி, பிறகு முழுக் குழுக்களாகப் பிரிக்க வேண்டும். துல்லியம் 90 சதவீதத்துக்கு மேல் வந்துவிட்டது என்று யாராவது சந்தோஷப்பட்டால், எப்படிப் பிரித்தீர்கள் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

சான்றிதழ் சேர்ப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பத்து ஆன்லைன் கோர்ஸ்களைவிட, பொதுத் தரவகத்திலிருந்து ஒரு டேட்டாவை எடுத்து, வெளியான முடிவை மீண்டும் வரவழைத்து, எழுதிய நிரலைக் கிட்ஹப் தளத்தில் போடுவது மேல். வராமல் போனால் இன்னும் நல்லது. ஏன் வரவில்லை என்பதை நேர்காணலில் அரைமணி நேரம் பேசலாம்.

அப்புறம், லேப் தேர்வு. ஈர ஆய்வகம் (கையால் சோதனை செய்யும் லேப்) ஒன்றில் ஒரே கணினி ஆளாகப் போய்ச் சேர்வது பலரும் யோசிக்காமல் செய்வது. ஊரார் டேட்டாவையெல்லாம் ஓட்டிக்கொடுத்தே பி.எச்டி. காலம் போய்விடும், உங்கள் நிரலைச் சரிபார்க்க அங்கே ஆளும் இருக்காது. சேரும் முன்பே கைடிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: என் சொந்தக் கேள்வி எது, யார் டேட்டா, கட்டுரையில் என் பெயர் எங்கே வரும்? மூன்றாவதைக் கேட்கக் கூச்சமாக இருந்தால், அந்த லேபின் பழைய மாணவர் ஒருவரைக் கேளுங்கள்.