பழைய லென்ஸும் புதிய லென்ஸும்: ரேஞ்ச்பைண்டர் கமராவில் ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் ரேஞ்ச்பைண்டர் கமரா (லென்ஸின் வழியாக அல்லாமல் தனிச் சாளரத்தில் பார்த்துத் தூரத்தைச் சரிசெய்யும் கமரா) வைத்திருப்பவர்களுக்கு லென்ஸ் பெரும்பாலும் ஒரே வழியில்தான் வந்து சேருகிறது. இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் மாமாவோ மச்சானோ நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவருவார். பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்க அதன்பின் வழியில்லை. ஆகையால் பழையதா, பழைய பாணியில் இன்று செய்யப்பட்டதா, முழுக்க நவீனமானதா என்பதை வாங்குவதற்கு முன்பே ஒப்பிட்டுத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அந்த ஒப்பீட்டிலேயே பலர் தவறுகிறார்கள், நானும் தவறியிருக்கிறேன்.

முதல் தவறு, வெளித்தோற்றத்தைப் பார்த்து வகை பிரிப்பது. 1953இல் வந்த, லைக்காவின் மடங்கும் சம்மிக்ரொன் 50 எஃப் 2 (50 என்பது மில்லிமீற்றரில் குவியத்தூரம், எஃப் 2 என்பது துவாரம் திறக்கும் உச்ச அளவு; எண் சிறிதானால் துவாரம் பெரிது) உண்மையிலேயே பழைய லென்ஸ். லைக்கா நிறுவனம் 2016இல் மீண்டும் வெளியிட்ட சம்மரொன் 28 எஃப் 5.6, 2022இல் மீண்டும் வெளியிட்ட சம்மிலக்ஸ் 35 எஃப் 1.4 ஆகியவை பழைய ஒளியியல் அமைப்பைப் புதிதாகச் செய்தவை. வொய்க்லண்டரின் நொக்டன் கிளாசிக் 35 எஃப் 1.4 இன்னும் ஒரு படி மேலே போய், கண்ணாடியில் ஒளி பட்டுத் திரும்புவதைக் குறைக்கும் பூச்சு ஒரு படையாக உள்ள ஒற்றைப் பூச்சு, பல படைகளாக உள்ள பல்பூச்சு என இரு வடிவங்களில் விற்பனைக்கு வந்தது. ஆனால் அதே நிறுவனத்தின் விண்டேஜ் லைன் வரிசையில் வரும் அல்ட்ரன் 35 எஃப் 2 வெளியே பித்தளைக் காலத்து உருவமும் உள்ளே அஸ்பெரிக்கல் (கோள வளைவில்லாத) கண்ணாடியும் கொண்டது. அது நவீன லென்ஸ்தான். பெயரும் உடலும் சொல்வதை நம்பாமல் உள்ளமைப்பைப் பார்த்த பின்னரே எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்று சொல்ல முடியும்.

இரண்டாவது தவறே எல்லாவற்றிலும் பெரியது: லென்ஸின் பழுதை அதன் குணம் என்று எடுத்துக்கொள்வது. சோனார் வகையைச் சேர்ந்த பழைய 50 எஃப் 2 ஒன்று சில ஆண்டுகளுக்கு முன் எனக்குக் கிடைத்தது. விறாந்தையில் அமர்ந்திருந்த அம்மம்மாவை அதில் எடுத்தபோது முகத்தைச் சுற்றி மெல்லிய ஒளி படர்ந்திருந்தது. நிழல்கள் கருமையாகாமல் வெளிறியிருந்தன. வீட்டில் எல்லோரும் அந்தப் படத்தை விரும்பினார்கள். அருகில் வைத்த புதிய லென்ஸின் படம் கடுமையாகத் தெரிந்ததால், பழைய லென்ஸின் இயல்பே இதுதான் என்று நண்பர்களுக்கும் சொல்லி வந்தேன். பின்னர் ஓர் இரவு டோர்ச் லைற்றை லென்ஸின் பின்புறத்திலிருந்து சாய்வாக அடித்துப் பார்த்தபோது, உட்கண்ணாடிகளில் ஒன்றின் மேல் மூடுபனி போன்ற படலம் பரவியிருந்தது. கொழும்பில் ஒருவர் அதைக் கழற்றித் துடைத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்த லென்ஸ் தெளிவாகவும் நல்ல மாறுபாட்டோடும் படமெடுத்தது. நான் குணம் என்று சொன்னது அழுக்கு.

சற்று யோசித்திருந்தால் அது முன்பே விளங்கியிருக்கும். லுட்விக் பெர்ட்டெல 1930களின் தொடக்கத்தில் சைஸ் நிறுவனத்துக்காக சோனாரை வடிவமைத்தபோது கண்ணாடிகளை மூன்று தொகுதிகளாக ஒட்டி, காற்றைத் தொடும் பரப்புகளை ஆறாகக் குறைத்தார். பூச்சில்லாத ஒவ்வொரு பரப்பும் ஏறக்குறைய 4 வீத ஒளியைத் திருப்பி அனுப்பிய அக்காலத்தில், பரப்புகள் குறையக் குறையச் சிதறலும் குறைந்தது. அப்படிப்பட்ட லென்ஸ் வெளிறிய படம் தந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அதன் நிலையையே தவிர அதன் வயதை அல்ல. எனவே, வெளிநாட்டிலிருந்து வாங்கி வருபவரிடம் விலையைக் கேட்பதற்கு முன் டோர்ச் லைற் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். மூடுபனி போன்ற படலம், பூஞ்சணத்தின் வலை, ஒட்டுப் பிரிந்த ஓரம், முன்கண்ணாடியில் துடைத்துத் துடைத்து விழுந்த நுண்கீறல்கள் ஆகிய நான்கையும் பார்த்தால் போதும். 1950களின் லைக்கா லென்ஸ்கள் சிலவற்றின் முன்கண்ணாடி மென்மையானது என்பதால் கீறல்களை அவற்றில் அடிக்கடி காணலாம்.

அடுத்தது, நண்பகலில் ஒப்பிடுவது. நம்முடைய வெயிலில் 100 ஐஎஸ்ஓ பிலிமை எஃப் 16இல் 1/100 நொடிக்கு எடுப்போமென்றால், எஃப் 2க்கு 1/6400 நொடி தேவைப்படும். பழைய பிலிம் கமராக்களின் உச்ச வேகம் 1/1000 ஆகையால் எஃப் 5.6க்கு அப்பால் துவாரத்தைத் திறக்க இயலாது. எஃப் 5.6இலும் எஃப் 8இலும் நல்ல நிலையிலுள்ள பழைய லென்ஸும் புதிய லென்ஸும் ஏறத்தாழ ஒன்றுபோலவே படமெடுக்கும். அதைப் பார்த்துவிட்டு "வித்தியாசமே இல்லை" என்று முடிவு கட்டுவது இரண்டுக்கும் நியாயமல்ல. வேறுபாடு முழுத்துவாரத்தில், ஓரங்களில், எதிரொளியில்தான் தெரியும். மாலை ஐந்தரைக்குப் பிறகு பண்ணைக் கடலோரத்தில் சூரியன் சட்டத்தின் விளிம்பில் இருக்க ஒரு படம், இரவில் கோயில் வீதிக் கடைகளின் விளக்குகளை நோக்கி ஒரு படம்: இந்த இரண்டும் ஒற்றைப் பூச்சையும் பல்பூச்சையும் தெளிவாகப் பிரித்துக் காட்டும். இரு லென்ஸுக்கும் அதனதன் ஹூட்டை (பக்க ஒளியை மறைக்கும் முன்மூடியை) போட்டோ, இரண்டிலும் கழற்றியோ எடுக்க வேண்டும். ஒன்றுக்கு மட்டும் போட்டால் நீங்கள் ஒப்பிடுவது ஹூட்டைத்தான்.

ரேஞ்ச்பைண்டருக்கே உரிய சிக்கல் ஃபோகஸில் இருக்கிறது. இந்தக் கமராவில் லென்ஸின் வழியாகப் பார்ப்பதில்லை. லென்ஸின் பின்புற விளிம்பு கமராவின் நெம்புகோலை எவ்வளவு தள்ளுகிறது என்பதை வைத்தே தூரம் அளக்கப்படுகிறது. ஆகவே மங்கலான படத்துக்கு லென்ஸ், கமரா, இரண்டின் பொருத்தம் என்ற மூன்றில் எதுவும் காரணமாகலாம். லைக்காவின் கணக்கு 51.6 மில்லிமீற்றர் குவியத்தூரத்தை வைத்து எழுந்தது. சோவியத் ஜூப்பிற்றர் 50 லென்ஸ்கள் சைஸின் கொன்ராக்ஸ் கமராவின் கணக்கைப் பின்பற்றியதால், தொலைவில் சரியாக இருந்தாலும் ஒரு மீற்றரில் விலகிவிடும். அந்த நெருக்கத்தில் எஃப் 1.5 தரும் தெளிவின் ஆழம் மூன்று நான்கு சென்ரிமீற்றர்தான். கண்ணுக்குப் பதிலாகக் காது தெளிவாக விழுந்த படத்தைக் காட்டி "பழைய லென்ஸ் கூர்மையில்லை" என்று சொல்வது தவறு. சோனார் வகையில் துவாரத்தைச் சுருக்கும்போது குவியம் பின்னோக்கி நகரும் இயல்பும் உண்டு. எஃப் 2.8க்குச் சரிசெய்த லென்ஸ் முழுத்துவாரத்தில் சற்று முன்னால் பிடிக்கும். முக்காலியில் கமராவை வைத்து, சாய்வாகக் கிடத்திய பத்திரிகையின் ஒரு வரியைக் குறிவைத்து, ஒவ்வொரு துவாரத்திலும் ஒரு படம் எடுத்தால் நகர்வு எவ்வளவு என்று தெரிந்துவிடும். இதைச் செய்யாமல் எழுதப்படும் எந்த ஒப்பீட்டையும் நான் நம்புவதில்லை.

கோட்டையின் முருகைக்கல் மதிலை நேரே நின்று எடுத்து மூலைகளைப் பெருப்பித்துப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். பழைய லென்ஸ்கள் பலவற்றின் குவியப் பரப்பு வளைந்தது. தட்டையான மதிலில் மூலை மங்கினாலும், அதே மூலையில் சற்று முன்னாலோ பின்னாலோ நிற்கும் ஆள் தெளிவாக விழக்கூடும். மதில் சோதனை பயனற்றதல்ல, ஆனால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

டிஜிற்றல் கமராவில் ஒப்பிடுவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 21 எஃப் 3.4 சுப்பர் அங்குலன் போன்ற அகலக்கோண லென்ஸ்களின் பின்கண்ணாடி பிலிமுக்கு மிக அருகே நிற்கும். அங்கிருந்து ஓரங்களுக்கு ஒளி மிகவும் சாய்வாகச் செல்லும். பிலிமுக்கு அது தொல்லையில்லை. சென்சரிலோ ஓரங்கள் ஊதாச் சாயம் பிடிக்கும். வேறு நிறுவனங்களின் மிரர்லெஸ் கமராக்களில் சென்சரின் மேலுள்ள தடித்த கண்ணாடி மூலைகளை மேலும் இழுத்துக் கலைக்கும். இது லென்ஸின் குற்றமல்ல. லைக்கா எம் கமராவானால், குறியீடு பொறித்த புதிய லென்ஸுக்குக் கமரா தானாகவே ஓர இருளைத் திருத்துகிறது, குறியீடு இல்லாத பழையதற்குத் திருத்துவதில்லை. மெனுவில் அத்திருத்தத்தை நிறுத்தி, வெண்சமநிலையை (வெள்ளை நிறம் வெள்ளையாகவே விழச் செய்யும் நிறத் திருத்தத்தை) ஒரே எண்ணில் நிலைநிறுத்திய பிறகே எடுக்க வேண்டும். தானியங்கி வெண்சமநிலை பழைய பூச்சின் மஞ்சள் சாயலைத் துடைத்துவிடும்.

வாங்கி வந்த பிறகு நடக்கும் தவறொன்றும் ஒப்பீட்டைக் கெடுக்கும். பழைய லென்ஸோடு வந்த தோலுறை அழகாக இருக்கிறதென்று அதற்குள்ளேயே வைத்து அலுமாரியில் பூட்டிவிடுகிறோம். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை முடிவதற்குள் பூஞ்சணம் தொடங்கிவிடலாம். காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு, ஈரப்பதம் 40 முதல் 50 வீதத்துக்குள் இருக்கும்படி வைத்து, மாதத்துக்கு இரண்டு முறையாவது எடுத்துப் பாவியுங்கள். அரிசிக்குள் புதைத்து வைக்க வேண்டாம்; தவிட்டுத் தூள் ஃபோகஸ் வளையத்துக்குள் போய்விடும்.