எஸ்எம்ஏ கோபாலிமர்: வளையத்தைக் கவனிக்காமல் செய்யும் தவறுகள்

ஸ்டைரீன், மாலிக் அன்ஹைட்ரைடு என்ற இரண்டு பொருள்களின் மூலக்கூறுகள் ஒரே சங்கிலியாகக் கோத்த கோபாலிமரை எல்லோரும் சுருக்கி எஸ்எம்ஏ என்கிறோம். அந்தப் பெயரில் கார் டேஷ்போர்டு பிளாஸ்டிக்கும் கிடைக்கிறது, அச்சு மையில் நிறமியைப் பிரித்து நிறுத்தும் ரெசினும் கிடைக்கிறது. ஆண்களுக்கான கருத்தடை ஊசியிலும் இதே பெயர்தான். "எஸ்எம்ஏ, 25 கிலோ" என்று மட்டும் எழுதி ஆர்டர் கொடுத்தால், வியாபாரியிடம் எந்த மூட்டை இருக்கிறதோ அதுதான் வந்து சேரும்.

வாங்கும்போது மூன்றைக் கேட்டாக வேண்டும்: ஸ்டைரீனும் மாலிக் அன்ஹைட்ரைடும் என்ன விகிதம், மூலக்கூறு எடை எவ்வளவு, அன்ஹைட்ரைடு வளையம் (திறந்தால் அமிலமாகும் அணு வளையம்) மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா. முதல் இரண்டையும் டேட்டா ஷீட்டில் பார்த்துவிடலாம். மூன்றாவதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. பிரச்சினைகளில் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

விகிதத்திலிருந்தே ஆரம்பிப்போம். மாலிக் அன்ஹைட்ரைடு தன்னோடு தானே சேர்ந்து சங்கிலியாவது அரிது. ஸ்டைரீனோடு விட்டால் ஒன்றுவிட்டு ஒன்றாக, 1:1 என்று கோத்துக்கொள்ளவே பார்க்கும். மோல்டிங் கிரேடுகளுக்கு வேண்டிய அளவோ எடையில் 10 சதவீதத்துக்கு முன்னே பின்னே. அதற்காக ரியாக்டரில் மாலிக் அன்ஹைட்ரைடைக் கொஞ்சம் கொஞ்சமாகவே ஊட்டுவார்கள். இதற்கு மாற்றாக, கையிலிருக்கும் 1:1 பவுடரைப் பாலிஸ்டைரீனோடு கலந்து "சராசரியாக 10 சதவீதம் வந்துவிட்டது" என்று கணக்குப் போடுபவர்கள் உண்டு. இரண்டும் ஒன்றோடொன்று கரையாது. கிடைப்பது தனித்தனித் துணுக்குகளாக நிற்கும், தட்டினால் உடையும் கலவை. பாலிஸ்டைரீனின் 100 டிகிரி கண்ணாடி நிலை வெப்பநிலையை (விறைப்பு போய் இளகத் தொடங்கும் சூட்டை) உயர்த்த வேண்டுமென்றால் வளையம் அதே சங்கிலிக்குள் இருக்க வேண்டும்.

அடுத்தது, பவுடரைத் தண்ணீரில் கொட்டிக் கிளறுவது. வளையம் மூடிய எஸ்எம்ஏ தண்ணீரில் கரையாது. மேலே மிதக்கும், கிளறியில் அப்பிக்கொள்ளும், எவ்வளவு நேரம் சுற்றினாலும் கலங்கலாகவே இருக்கும். காரம் சேர்த்துச் சூடாக்கி வளையத்தைத் திறக்க வேண்டும். ஆய்வகத்தில் 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் சில மணி நேரம் ரிஃப்ளக்ஸ் செய்வது, அதாவது ஆவி குளிர்ந்து திரும்பி விழும்படி கொதிக்கவைப்பது, வழக்கம். துகள்கள் முதலில் ஊதி, கண்ணாடி போலாகி, பிறகு மொத்தமும் தெளிந்து இளமஞ்சளாக நிற்கும். தெளிவதற்கு முன் அடுப்பை அணைத்துவிட்டு அடியில் தங்கியதை "தரமில்லாத சரக்கு" என்று தூக்கிப்போடுவது வீண் செலவு.

காரத்தின் அளவிலும் சறுக்குவார்கள். ஒரு வளையம் திறந்தால் இரண்டு அமிலக் குழுக்கள் வரும். ஸ்டைரீன் மூன்றுக்கு மாலிக் அன்ஹைட்ரைடு ஒன்று என்ற 3:1 பவுடர் 100 கிராமில் மாலிக் அன்ஹைட்ரைடு சுமார் 24 கிராம், அதாவது கால் மோல். முழுதாக நடுநிலையாக்க அரை மோல் காரம் வேண்டும். சோடியம் ஹைட்ராக்சைடு என்றால் ஏறக்குறைய 20 கிராம். வளையத்துக்கு ஒன்று என்று கணக்கிட்டு 10 கிராமோடு நிறுத்தினால் கரைசல் அரைகுறையாக நிற்கும். சோடியம் ஹைட்ராக்சைடுக்குப் பதில் அம்மோனியா போட்டால் விளைபொருளே மாறும்: வளையத்தின் ஒரு பக்கம் அமைடு ஆகிவிடும், மறுபக்கம் அம்மோனியம் உப்பு. தரை பாலிஷுக்கும் அச்சு மைக்கும் அது நல்லதுதான். காயும்போது உப்பிலிருந்து அம்மோனியா பறந்துபோய், பூச்சு தண்ணீரைத் தாங்கும். ஆனால் அதைச் சோடியம் உப்புக்குச் சமமாக நினைத்து ஃபார்முலாவில் மாற்றிப் போடக்கூடாது.

போர்வெல் தண்ணீரை வைத்துக் கரைசல் போடுவதும் வேண்டாத வேலை. கால்சியமும் மக்னீசியமும் அமிலக் குழுக்களை இழுத்துப் பிடித்துப் பாலிமரைத் திரியவைக்கும். டிஎம் வாட்டர் (தாது உப்பு நீக்கிய நீர்) செலவைப் பார்த்துத் தயங்குபவர்கள், திரிந்து போன ஒரு பேட்சின் விலையையும் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும்.

சவ்வுப் புரத ஆய்வு செய்பவர்களுக்கும் இதே தொல்லை. செல் சவ்விலிருந்து புரதத்தை அதைச் சுற்றியுள்ள கொழுப்போடு சேர்த்து, சுமார் 10 நானோமீட்டர் வட்டுகளாக வெட்டியெடுக்க எஸ்எம்ஏ பயன்படும் என்பதை 2009இல் பர்மிங்காம் பல்கலைக்கழகக் குழு காட்டியது. அதற்கு வேண்டியது வளையம் திறந்த அமில வடிவம். கரைசல் பிஎச் 8 சுற்றில் இருந்தால் வேலை செய்யும், 6.5க்குக் கீழே இறங்கினால் படிந்துவிடும். சில மில்லிமோலார் மக்னீசியமே தாங்காது என்பதால், ஏடிபி-மக்னீசியம் தேவைப்படும் நொதிகளுக்கு டிஐபிஎம்ஏ போன்ற வேறு பாலிமரைத் தேடுவதே புத்திசாலித்தனம். புரத அளவைக் கணிக்க எடுக்கும் 280 நானோமீட்டர் ஒளி அளவீட்டை அப்படியே நம்பவும் கூடாது; ஸ்டைரீன் வளையமும் அந்தப் பக்கத்தில் ஒளியை உறிஞ்சும்.

பிளாஸ்டிக் தொழிற்சாலையில் நிலைமை நேர்மாறு. அங்கே வளையம் மூடியே இருக்க வேண்டும். நைலானையும் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கையும் சேர்க்கும்போது, நைலான் சங்கிலி முனையிலுள்ள அமீன் இந்த வளையத்தோடுதான் பிணைகிறது. மூட்டையைத் திறந்து போட்டு மழைக்காலத்தில் வைத்தால் ஈரம் வளையங்களைத் திறந்துவிடும். "டிரையரில் போட்டால் சரியாகிவிடும்" என்பது நம்மவர்கள் விடாமல் பிடித்திருக்கும் நம்பிக்கை. 80 டிகிரி டிரையர் ஒட்டியிருக்கும் ஈரத்தைத்தான் விரட்டும். திறந்த வளையத்தை மூடாது. அது எக்ஸ்ட்ரூடரின் (பிளாஸ்டிக்கை உருக்கித் தள்ளும் எந்திரத்தின்) 200 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் மூடும், மூடும்போது அங்கேயே தண்ணீரைக் கக்கும். பாகத்தின் மேல் வெள்ளிக் கோடுகள் விழுந்ததும் டிரையர் ஆபரேட்டரைத் திட்டிப் பயனில்லை. அகச்சிவப்பு நிறமாலை எடுத்துப் பாருங்கள்: மூடிய வளையம் 1780, 1855 செ.மீ⁻¹ பக்கத்தில் முகடு காட்டும், திறந்த அமிலம் 1710 பக்கத்தில். பத்து நிமிட வேலை.

அளவு கூடினால் பிணைப்பும் கூடும் என்று எஸ்எம்ஏவை அள்ளிப்போடுவதும் கூடாது. ஒரு சங்கிலியில் பல வளையங்கள் இருப்பதால் நைலான் குறுக்கே பின்னிக்கொண்டு, உருகல் கெட்டியாகி மெஷின் திணறும். பாலிபுரொப்பிலீனுக்கு இதைப் போடுவது அதைவிட மோசம். ஸ்டைரீன் சங்கிலிக்கும் அதற்கும் ஒட்டுறவே இல்லை. அங்கே வேண்டியது மாலிக் அன்ஹைட்ரைடு ஒட்டிய பாலிபுரொப்பிலீன்.

கருத்தடை ஊசி விஷயத்திலும் இதே குழப்பம் செய்திகளில் வருகிறது. ஐஐடி கரக்பூரில் சுஜோய் குஹா உருவாக்கிய ரிசக் என்பது அன்ஹைட்ரைடு வடிவ எஸ்எம்ஏ. டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து விந்துக் குழாயில் செலுத்துவது. அமெரிக்காவின் வாசல்ஜெல் அமில வடிவம். இரண்டையும் ஒரே மருந்தின் இரு பெயர்கள் என்று எழுதுவது தவறு. ரிசக்கின் மூன்றாம் கட்டச் சோதனை முடிவு 303 ஆண்களை வைத்து 2023இல் வெளியானது. கருத்தரிப்பைத் தடுத்தது 99.02 சதவீதம். அது தடுப்பாற்றலுக்கான எண். ஊசியின் பலனை நீக்கி மீண்டும் கருவுறச் செய்யலாம் என்பதற்கான ஆதாரம் விலங்குச் சோதனைகளிலிருந்து வந்தது, இந்த எண்ணிலிருந்து வரவில்லை.

கடைசியாக, கழிவு. தண்ணீரில் கரைகிறது என்பதற்காக மண்ணில் மக்கிவிடும் என்று சாக்கடையில் விடக்கூடாது. சங்கிலியின் முதுகெலும்பு முழுக்கக் கார்பன்-கார்பன் பிணைப்பு. கழுவிய நீரில் அமிலம் சேர்த்து பிஎச்சை 4க்குக் கீழே இறக்கினால் பாலிமர் திரிந்து வெளியே வரும். வடிகட்டித் தனியே எடுத்து, நீரை நடுநிலையாக்கிய பிறகே சுத்திகரிப்புக்கு அனுப்ப வேண்டும்.